கடலூர் பக்கத்துச் சத்தம்

திங்கள் காலை ஒன்பதரைக் கூட்டத்துக்கு
ஒன்பது இருபத்தெட்டுக்கே வந்துவிடுவார்
கலிவரதன் சார்.
பதினோரு கட்டங்களும் நிரம்பும்வரை
தன் முகத்தையே பார்த்து
தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

அவர் அனுப்பிய விதிகளை
மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன்.
பேசாத நேரம் மைக்கை அணை.
கேமரா திறந்திருக்கட்டும்.
ஒருவர் முடித்தபின் ஒருவர்.
எதையும் மெல்லாதே.
நைட்டிமேல் துப்பட்டா போட்டு உட்காருவது பற்றி
அதில் ஒன்றுமில்லை,
அது நாங்களாக எழுதிக்கொண்டது.

ஓசூர் ஹேமநாதன் முதுகுக்குப் பின்னால்
எப்போதும் ஒரு நீலக்கடல், இரண்டு தென்னை.
கையை ஆட்டினால்
விரல்களைத் தின்றுவிடும் அந்தக் கடல்.
நிஜக் கடல் எனக்குத்தான் பக்கம்,
என் பின்னால் இருப்பதோ
கேஸ் ஏஜென்சி காலண்டர்.
முத்தியால்பேட்டை அமலோற்பவம் அக்கா
மூன்று வருடமாய்க் காட்டுவது
பாதி நெற்றியும் ஒரு மின்விசிறியும்.

எனக்கென்று தனியாக ஒரு விதி.
கடலூர் முதுநகர், ரயில்வே கேட்டிலிருந்து மூன்றாவது வீடு.
முதல் மாதம் தெரியாமல்
நான் வாசிக்கவேண்டிய இழப்பீட்டுக் கணக்கை
ஒரு ரயில் வாசித்துவிட்டது.
"தில்லை, வீட்ல இருக்கீங்களா, பிளாட்ஃபார்ம்லயா?"
சிரிப்பு
கட்டம் கட்டமாய்த் தாமதித்து வந்து சேர்ந்தது.
அதிலிருந்து
கேட் மணி முழுதாய் அடிக்குமுன்
என் கட்டைவிரல் பொத்தானில் இருக்கும்.

அன்றைக்கு
"ரெண்டு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று
கேமராவை அணைத்தார் சார்.
மைக்கை மறந்தார்.

கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து வந்தது
அவர் குரல், ஆனால் அவருடையதல்ல.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் சார்...
ஏலத்துக்கு மட்டும் விட்டுடாதீங்க சார்...
வீட்ல அவளுக்கு இன்னும் தெரியாது."
நாங்கள் நாளெல்லாம் சார் போடுகிறவர்
மூச்சுக்கு மூச்சு போட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற ஒன்பது பேரும் அசையவில்லை.
இணைப்பு உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன்,
இல்லை, மின்விசிறி சுற்றியது.
ஹேமநாதன் தன் கடலுக்குள் குனிந்துகொண்டான்.

அன்று கூட்டத்தின் சாவி என் கையில்.
ஒரே தட்டு, அவர் மைக்கை அணைத்துவிடலாம்.
அணைப்பது என்றால் தமிழில் இரண்டு,
திரைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
'உங்கள் மைக் அணைக்கப்பட்டது' என்று
அவர் முன்னால் ஒரு வரி நிற்கும்.
எதுவரை கேட்டிருப்பார்கள் என்று
மனிதர் நாள்பூராவும் கணக்குப் போட
அந்த வரி போதும்.

விதிகளை மேலிருந்து கீழாகப் படித்தேன்.
கீழிருந்து மேலாகவும்.

அப்போது கேட் மணி.
பழக்கத்தில் கட்டைவிரல் போனது.
போன விரல்
மைக்கைத் திறந்துவிட்டது.

ஜன்னலையும் திறந்தேன்.
துறைமுக ஜங்ஷனில் கிளம்பிய சரக்கு ரயில்,
எந்த அவசரமும் இல்லாதது,
நாற்பத்திரண்டு பெட்டி,
கேட்டில் மாட்டிய ஷேர் ஆட்டோக்களின் ஹாரன் வேறு.
வெள்ளிக்கிழமை, ஏலம், அவள்
எல்லாவற்றின் மேலும் தடதடத்துப் போனது.

ஐந்தாறு பெட்டி கழித்து
மூன்று வருடத்தில் முதல்முறையாக
முழு முகத்தோடு திரைக்குள் வந்தார் அமலோற்பவம் அக்கா.
தன் மைக்கைத் திறந்தார்.
குக்கர் விசில்.
பரங்கிப்பேட்டை சம்சுகனி மிக்ஸியைப் போட்டான்,
உள்ளே ஏதும் அரைபட்டதாகத் தெரியவில்லை.
ஹேமநாதன் இருமினான்,
அவனால் முடிந்தது.

"யாரது? என்ன சத்தம் இது?
அடிப்படை நாகரிகம் வேண்டாமா?"
தலைமுடி சரியாக இருந்தது.
"சாரி சார், கேட் பக்கத்து வீடு."
"எத்தனை தடவை சொல்றது தில்லை."
அணைத்தேன்.

குறிப்பெழுதும் முறையும் அன்று எனக்கே.
'9:47 முதல் 9:51 வரை
கடலூர் பக்கத்திலிருந்து சத்தம்.
வேறெதுவும் கேட்கவில்லை' என்று எழுதி,
கடைசி வரி காட்டிக்கொடுத்துவிடும் என்று
அதை மட்டும் அழித்து அனுப்பினேன்.

பார்த்ததற்கு அடையாளமாய்
ஒன்பது பேரும் உடனே கட்டைவிரல் வைத்தார்கள்.
சார் வெள்ளிக்கிழமைதான் வைத்தார்.